கொடி எவ்வளவு பெறும்?

டொராண்டோவுக்கு வரும் விருந்தாளியிடம் முன்பெல்லாம் குளிரைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். இப்போது பியர்சன் விமான நிலையத்தை விட்டுக் கார் வெளியே வரும்போதே தங்கக் கதை ஆரம்பமாகிவிடுகிறது. 2023 ஏப்ரல் 17 அன்று சூரிச்சிலிருந்து வந்த ஏர் கனடா விமானம் 6,600 தங்கக் கட்டிகளை இந்த விமான நிலையத்தில் இறக்கியது. எடை 400 கிலோ, மதிப்பு இரண்டு கோடி கனடா டாலருக்கு மேல். அன்று மாலையே ஓர் ஆள் லாரியோடு வந்து சரக்குக் கிடங்கில் ஒரு சீட்டை நீட்டி அவ்வளவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பிறகு பார்த்தால் அந்தச் சீட்டு முந்தின நாளே எடுத்துச் செல்லப்பட்ட மீன் சரக்கினுடையது. ஓராண்டு கழித்துக் காவல்துறை சிலரைப் பிடித்தபோது கையில் கிடைத்தது ஆறு முரட்டுத் தங்கக் காப்புகள், மதிப்பு 89,000 டாலர். மிச்சம் உருகி எங்கேயோ போயிற்று.

நெடுஞ்சாலை 401இல் கிழக்கே ஸ்கார்பரோவை நோக்கி ஓட்டிக்கொண்டே நண்பர் இதைச் சொல்லி முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "நானூறு கிலோவுக்கு ஒரு மீன் சீட்டு காணுமாய் இருந்தது அண்ணை. எங்கட அம்மான்ர பதினொரு பவுண் கொடிக்கு எத்தனை கடதாசி கேக்கிறாங்கள் எண்டு வந்து பாருங்கோ."

நான் போனது ஓர் இலக்கியக் கூட்டத்துக்கு. அது ஒரு மாலையில் முடிந்துவிட்டது. எஞ்சிய நாட்களில் நயாகரா பார்க்கலாம் என்றார்கள். நான் நண்பரும் அவருடைய அக்காவும் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு அலைந்த இடங்களுக்கெல்லாம் கூடப் போனேன். அதற்காக வருத்தமில்லை.

அவர்களுடைய அம்மா 2025 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். வீடு அவர் பெயரில், வங்கிக் கணக்கு அவர் பெயரில், உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அக்காவுக்கு. ஒன்டாரியோவில் நீதிமன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் வங்கி லேசில் எதையும் விடாது. சான்றிதழுக்கு ஒரு வரி உண்டு: சொத்தின் மதிப்பில் முதல் 50,000 டாலருக்கு ஒன்றுமில்லை, அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 15 டாலர். சான்றிதழ் கிடைத்து 180 நாட்களுக்குள் நிதி அமைச்சகத்துக்கு ஒரு விவரப் படிவம் கொடுக்க வேண்டும். வீடு, சேமிப்பு, பங்குகளோடு வீட்டுச் சாமான்களும் நகைகளும் அதில் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் இறந்த நாளன்று இருந்த சந்தை மதிப்பு. வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டாராம், கண்மதிப்பு ஆகாது, எழுத்தில் வேண்டும் என்று.

டின்னுக்குள் ஒரு தாலிக்கொடி, நான்கு காப்பு, ஒரு கல் அட்டியல், இரண்டு சோடித் தோடு, ஒரு மூக்குத்தி, பாலித்தீன் பையில் சுற்றிய சில காகிதங்கள். கொடியைப் பற்றித் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊரில் மஞ்சள் கயிற்றிலோ மெல்லிய செயினிலோ தொங்கும் தாலியை வைத்து யாழ்ப்பாணத்துக் கொடியைக் கற்பனை செய்ய முடியாது. தடித்து முறுக்கிய பொற்கயிறு அது. நடுவில் தாலி, இரண்டு பக்கமும் பவுண் காசு. ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படைக் கணக்கில்தான் செய்வார்கள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டில் நல்ல நாள் பார்த்துப் பத்தரைக் கூப்பிட்டு ஒரு பொற்காசை உருக்குவார்கள். பொன்னுருக்கு என்ற அந்தச் சடங்கு டொராண்டோவின் அடித்தள அறைகளிலும் இன்றும் நடக்கிறது. புகைக்குப் பதறுகிற தீ எச்சரிக்கைக் கருவியை முதலில் துணியால் மூடிவிடுவார்கள் என்று அக்கா சொன்னார்.

மார்க்கம் ரோட்டில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். ஸ்கார்பரோவின் இந்தப் பகுதியில் ரோல்ஸும் மாலுபாணும் விற்கும் கடை, புடவைக் கடை, பயண முகவர், வக்கீல் அலுவலகம், நகைக்கடை எல்லாம் ஒரே வரிசையில் தமிழ்ப் பலகையோடு நிற்கின்றன. கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், ஊரில் பரம்பரைப் பத்தர் குடும்பம். உட்கார வைத்துப் பால்தேநீர் கொடுத்துவிட்டு, நகையைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, என்னத்துக்கு விலை கேக்கிறியள்? விக்கவோ, இன்சூரன்சுக்கோ, கோட்டுக்கோ?"

அக்கா விழித்தார். "கொடி எவ்வளவு பெறும் எண்டு சொல்லுங்கோ. அதுக்கேன் காரணம்?"

"காரணத்தைப் பொறுத்துத்தான் பெறுமதி."

இந்தப் பதிலில் ஏதோ வியாபாரத் தந்திரம் இருப்பதாக எனக்குப் பட்டது. அரைமணி நேரத்தில் அந்தச் சந்தேகம் போய்விட்டது.

முதலில் எடை. பதினொரு பவுண் என்றால் எட்டு கிராம் கணக்கில் 88 கிராம். தராசு 86.3 என்றது. அக்காவின் முகம் மாறியது. கடைக்காரர் கொடியின் கண்ணிகளை விளக்கின் கீழ் பிடித்துக் காட்டினார். ஒன்றோடொன்று உரசும் இடங்களில் வளையங்கள் மெலிந்திருந்தன. நாற்பது வருஷம் கழுத்தில் கிடந்த கொடி, சட்டைக் கழுத்திலும் வியர்வையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது. அடுத்து மாற்று. கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவியை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார், சில நொடிகளில் திரையில் எண்கள். கயிற்றின் நடுவில் 91.4. பற்றவைத்த மூட்டுகளில் 88ஐ ஒட்டி. பழைய பத்தர்கள் பொடி வைத்து ஒட்டியதில் செம்பும் வெள்ளியும் கூட. அந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே பார்க்கும் என்பதால், முலாம் பூசிய நகை அதை ஏமாற்றிவிடலாம். அதற்காக ஒரு காப்பின் உட்பக்கத்தில் மயிரிழை அளவுக்கு அரத்தால் கீறி மறுபடி சோதித்தார். உரைகல்லும் மேஜையில் இருந்தது. "மிஷின் சொல்லுறதைக் கல்லிலயும் ஒருக்காப் பார்த்தால்தான் எனக்கு நித்திரை வரும்," என்றார். மொத்தத்துக்கும் சராசரி மாற்று 91 என்று எழுதிக்கொண்டார்.

இந்தியாவில் 2021இலிருந்து படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமாகிவிட்டது, 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு இடங்கள் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. கனடாவில் முத்திரை கட்டாயம் இல்லை. முத்திரை குத்தினால் அது உண்மையாக இருக்க வேண்டும், குத்தியவரின் வணிகச் சின்னமும் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். யாழ்ப்பாணத்தில் எழுபதுகளில் செய்த கொடியில் முத்திரையும் கிடையாது, சின்னமும் கிடையாது. அந்தப் பத்தரின் பெயர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு கடைக்காரர் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். 86.3 கிராமில் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 78.5 கிராம், அதாவது இரண்டரை அவுன்சு. நாங்கள் போனது 2025 அக்டோபர் மாதம். தங்கம் சரித்திரத்தில் முதல் தடவையாக அவுன்சு 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது. அந்த விலைக்குக் கொடியில் இருக்கும் பொன் மட்டும் கனடா டாலரில் 14,100 பெறும். அதை அன்றே அவரிடம் விற்றால் உருக்குச் செலவும் லாபமும் போக 13,000 கொடுப்பார். அதே கொடியை அன்று புதிதாகச் செய்து வாங்குவதென்றால் செய்கூலி, அதன் மேல் ஒன்டாரியோவின் 13 சதவீத விற்பனை வரி எல்லாம் சேர்ந்து 18,300 ஆகும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத வேண்டியது இந்த எண். ஆனால் அக்கா கேட்பது நீதிமன்றத்துக்கு. அம்மா கண்ணை மூடிய பிப்ரவரியில் தங்கம் அவுன்சு 2,900 டாலரை ஒட்டித்தான் இருந்தது. அந்த நாளின் மதிப்பு 10,400. அதற்கு வரி 156 டாலர்.

இத்தோடு முடியவில்லை. கனடாவில் வாரிசுரிமை வரி என்று ஒன்று கிடையாது. ஆனால் இறந்தவர் தன் சொத்தையெல்லாம் இறக்கும் கணத்தில் சந்தை விலைக்கு விற்றுவிட்டதாக வருமான வரித் துறை எண்ணிக்கொள்ளும். லாபத்தில் பாதி அவருடைய கடைசி வருமானத்தில் சேரும். லாபம் என்றால் எதிலிருந்து? வெளிநாட்டிலிருந்து குடியேறியவருக்கு, அவர் கனடாவில் வசிக்கத் தொடங்கிய நாளின் மதிப்புதான் வாங்கிய விலை. அம்மா வந்தது 1994இல். அப்போது தங்கம் 380 டாலர் சொச்சம். அன்றைக்கு இதே கொடி 1,300 கனடா டாலர்.

1,300, 10,400, 13,000, 14,100, 18,300. ஒரே கொடி, ஐந்து விலை. ஐந்தும் சரியான விலை. அக்கா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கட அப்பா எவ்வளவு குடுத்தவர் எண்டு இதில இல்லையே," என்றார்.

நகைக்கடையில் கேட்ட இன்னொரு விஷயம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கனடாவில் 99.5 சதவீதத்துக்குக் குறையாத சுத்தத் தங்கக் கட்டிக்கும் நாணயத்துக்கும் விற்பனை வரி இல்லை, அதை நிதி முதலீடாகக் கருதுகிறார்கள். 1979 முதல் வெளிவரும் மேப்பிள் இலை நாணயம் அந்த வகை. ஆனால் நாம் எல்லாக் கணக்குக்கும் ஆதாரமாக வைத்திருக்கும் பிரிட்டிஷ் பவுன் 22 காரட், 91.67 சதவீதம்தான். ராணி தலை போட்ட அசல் பவுனே ஆனாலும் ஒன்டாரியோ வரிக்காரருக்கு அது தங்க முதலீடு ஆகாது.

இதைவிட வேடிக்கை கனடா அரசுக்கே இப்போது தங்கக் கையிருப்பு கிடையாது என்பது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் தங்கத்தை ஹிட்லரிடமிருந்து காப்பாற்ற அட்லாண்டிக் கடல் தாண்டி ஒட்டாவாவுக்குத்தான் அனுப்பி வைத்தது. 1965இல் கனடாவிடம் சொந்தமாக 1,023 டன் இருந்தது. வட்டி தராத உலோகத்தைப் பூட்டி வைத்து என்ன பயன் என்று எண்பதுகளிலிருந்து விற்க ஆரம்பித்து, 2016 தொடக்கத்துக்குள் ஏறக்குறைய முழுவதையும் விற்றுத் தீர்த்தார்கள். அந்த 1,023 டன் இன்றிருந்தால் அவுன்சு 4,000 விலையில் 13,000 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். பொருளாதார நிபுணர்கள் இதற்கு நல்ல நல்ல காரணங்கள் சொல்வார்கள். ஸ்கார்பரோவில் நான் பேசிய பாட்டிமார் யாரும் அந்தக் காரணங்களை ஏற்கவில்லை. என் ஓட்டும் பாட்டிமாருக்குத்தான்.

மற்றப் பழைய பொருட்களின் விலை வேறு கதை. சனிக்கிழமை காலை ஸ்கார்பரோவின் அஜின்கோர்ட் பக்கம் நடந்தபோது தெருவுக்கு இரண்டு வீட்டு வாசலிலாவது பழைய சாமான் பரப்பியிருந்தார்கள். குளிர் இறுகுவதற்கு முன் கடைசி கராஜ் சேல்கள். ஒரு வீட்டில் ஆங்கிலேய வம்சாவளிப் பாட்டி ஒருவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார், மகள் உட்கார்ந்து விற்கிறார். மேஜையில் ராயல் ஆல்பர்ட் கம்பெனியின் ஓல்ட் கன்ட்ரி ரோசஸ் கோப்பைகள், முழு செட். சிவப்பும் மஞ்சளும் கலந்த ரோஜாக்கள், விளிம்பில் பொன் கோடு. 1962இல் வந்த இந்த வடிவம் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. கண்ணாடி அலமாரியில் வைத்து, கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுத்து, கையால் கழுவி வைத்த பீங்கான். ஒவ்வொரு கோப்பையும் ஒரு காலத்தில் அந்த வீட்டின் ஒரு வாரச் சிக்கனமாக இருந்திருக்கும். இப்போது சாசரோடு இரண்டு டாலர். பொன் விளிம்பு இருப்பதால் மைக்ரோவேவில் வைக்க முடியாது, பாத்திரம் கழுவும் மெஷினிலும் போட முடியாது, பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம். பியானோவின் கதை இன்னும் மோசம். டொராண்டோவிலேயே செய்த ஹைன்ட்ஸ்மன் பியானோ ஒரு காலத்தில் இங்கே நடுத்தரக் குடும்பத்தின் கௌரவம். இன்று தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று இலவசமாக விளம்பரம் போடுகிறார்கள். தூக்குகூலி பியானோவின் விலையைத் தாண்டுகிறது.

பழைய சாமானுக்கு விலையே இல்லை என்று சொன்னால் நண்பர் ஒப்புக்கொள்ள மாட்டார். கராஜ் சேல்களை அவர் விடாமல் சுற்றுவதற்கு ஒரு கதை காரணம். ஒன்டாரியோவின் வடக்கே சவுத் ரிவர் என்ற சிற்றூரில், வேண்டாத சாமான்களைக் கொண்டுவந்து போடும் இடத்தில் ஒருவர் ஐந்து டாலருக்கு ஒரு சின்ன ஓவியத்தை வாங்கினார். அது பாடகர் டேவிட் பொவி வரைந்தது. 2021 ஜூனில் டொராண்டோவின் கவுலி அபட் ஏல நிறுவனம் அதை 1,08,120 டாலருக்கு விற்றது. இன்னொன்று லண்டன் என்ற ஒன்டாரியோ நகரத்து உணவகக் கதை. எழுபதுகளில் ஓர் ஓவியர் தினம் சீஸ் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டுக் காசுக்குப் பதில் ஓவியம் கொடுப்பார். அப்படி வந்த ஒன்று, நோவா ஸ்கோஷியாவின் ஏழை ஓவியர் மாட் லூயிஸ் வரைந்த கறுப்பு லாரி. உணவகத் தம்பதி அரை நூற்றாண்டு அதை வைத்திருந்து 2022இல் ஏலத்துக்கு விட்டார்கள். 35,000 போகும் என்று நினைத்தது 3,50,000 டாலருக்குப் போனது. மாட் லூயிஸ் 1970இலேயே இறந்துவிட்டார், ஒரு படத்தைச் சில டாலருக்கு விற்று வாழ்ந்தவர். இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும் சாண்ட்விச்சைத்தான் சொல்கிறார்கள்.

டொராண்டோவில் 1850இலிருந்து இயங்கும் வாடிங்டன்ஸ் போன்ற ஏல நிறுவனங்களுக்குப் பொருளின் படத்தை அனுப்பினால், ஏலத்தில் என்ன போகும் என்று உத்தேசமாகச் சொல்வார்கள். வரிக்கோ இன்ஷூரன்ஸுக்கோ எழுத்தில் வேண்டுமென்றால் அது தனி வேலை, தனிக் கட்டணம். அருங்காட்சியகம் இதற்கு நேர் எதிர். ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தின் தென்னாசியக் கூடத்துக்கு இலங்கையில் பிறந்த கிறிஸ்டோபர் ஒண்டாச்சியின் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் எதற்கும் விலை எழுதியிருக்காது. பொருள் எந்தக் காலத்தது, எந்த ஊரது என்று காப்பாளர்கள் சொல்வார்கள். எவ்வளவு பெறும் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். அது அந்தத் தொழிலின் ஒழுக்கம்.

பிஸ்கட் டின்னில் இருந்த காகிதங்களுக்கு வருகிறேன். நகையெல்லாம் கணக்கில் ஏறிய பிறகு அக்கா பாலித்தீன் பையைப் பிரித்து மேஜையில் பரப்பினார். ஒன்று யாழ்ப்பாணத்து வளவின் உறுதி, அதாவது வீட்டு மனைப் பத்திரம். இன்னொன்று மக்கள் வங்கியில் அடைவு (நம் ஊரில் அடகு) வைத்த சீட்டு, மீட்கப்படவில்லை. மூன்றாவது மடித்து மடித்துக் கிழிந்த சின்ன ரசீது, இரண்டு பவுணுக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் தமிழீழ மீட்பு நிதி என்று வீட்டுக்கு இரண்டு பவுண் கேட்டார்கள். விரும்பிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், வேறு வழியில்லாமல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அம்மா எந்த வகை என்று நண்பரும் அக்காவும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். நான் இடையில் புகவில்லை. அதே காலத்தில், 1990 அக்டோபரில், யாழ்ப்பாணத்திலிருந்து புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் கையில் சொற்பக் காசோடு போக வேண்டியிருந்தது. உடம்பில் இருந்த நகைகளும் கழற்றி வாங்கப்பட்டன. தங்கத்தைப் பற்றி எழுதினால் இதையும் எழுத வேண்டும்.

டின்னில் இல்லாத நகைகளின் பட்டியல்தான் நீளம். அம்மாவின் ஒட்டியாணமும் பதக்கச் சங்கிலியும் எண்பதுகளில் போயின. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு பிள்ளையையாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று ஊரே துடித்தது. ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கொடுக்கக் காணியை விற்றால் நாளாகும், நகையை விற்றால் மறுநாளே காசு. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் வாங்குகிறவன் சொன்னதுதான் விலை. நண்பர் கனடாவுக்கு வந்த வழி அந்த ஒட்டியாணம். இன்றைய விலையில் அது எவ்வளவு பெறும் என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். "நான் இருக்கிறன்தானே அண்ணை, என்னை நிறுத்துப் பாருங்கோ."

போரின் கடைசியில், 2009இல், வன்னியில் இலங்கை ராணுவம் கைப்பற்றியவற்றில் மக்கள் புலிகளின் வங்கியில் அடைவு வைத்த நகைகளும் இருந்தன. 2014இல் கிளிநொச்சியில் ஒரு பகுதி உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மிச்சத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் பெரிதாக யாரும் பேசவில்லை. 2025 மே மாதம் ராணுவம் தன் வசமிருந்த பொன்னையும் வெள்ளியையும் காவல்துறையிடம் ஒப்படைத்தது. இந்தச் செய்தி வந்த அன்று ஸ்கார்பரோவில் எத்தனையோ வீடுகளில் பழைய பெட்டிகள் இறங்கியிருக்கும். சீட்டு வைத்திருந்தவர்களில் பலர் உயிரோடு இல்லை. நகைகளில் பெயர் இல்லை. அடைவு நகையை அடையாளம் காண்பதற்கு எடையும் சீட்டு எண்ணும் வேண்டும். கருவி மாற்றுச் சொல்லும், யாருடையது என்று சொல்லாது.

டின்னில் இருந்த அந்த இரண்டு பவுண் ரசீதை ஏல நிறுவனங்கள் பொருட்படுத்தா. படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. ஆனால் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகமும் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனமும் இப்படிப்பட்ட தாள்களைத்தான் தேடுகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்துபோன சமூகத்துக்கு வீட்டுப் பெட்டியில் தப்பிய கிழிந்த தாள் எவ்வளவு பெறும் என்று விளக்க வேண்டியதில்லை. அக்கா படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். மூலத்தைத் தர மறுத்துவிட்டார். அதுவும் நியாயம்தான்.

பங்கு பிரிப்பதில் ஒரு சின்ன உரசல் வந்தது. தேசவழமைச் சட்டத்தை டச்சுக்காரர்கள் 1707இல் எழுத்தில் பதிந்தபோது யாழ்ப்பாணத்துச் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று மூன்றாக வகுத்திருந்தார்கள். தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. ஒன்டாரியோச் சட்டத்துக்கு இந்த வகையெல்லாம் தெரியாது. உயிலில் 'பிள்ளைகளுக்குச் சமமாக' என்று மட்டும் எழுதியிருந்தது. கொடியை வெட்டவா முடியும்? கடைசியில் கொடி அக்காவுக்கு, அதன் மதிப்பில் பாதிக்கு ஈடாகக் காப்புகள் தம்பி வீட்டுக்கு என்று பேசி முடித்தார்கள். எந்த மதிப்பில் பாதி என்பதில்தான் அரைமணி நேரம் போனது. 10,400ஆ, 14,100ஆ? அக்கா பெரியதையே எடுத்துக்கொண்டு பாதி கணக்கிட்டார். வக்கீல் தேவைப்படவில்லை.

கொடியை அக்கா போட்டுக்கொள்ளப் போவதில்லை. டொராண்டோ, யோர்க், பீல், டர்ஹம் காவல்துறைகள் சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஓர் எச்சரிக்கை விடுகின்றன. நடைபாதையில் தனியாகப் போகும் முதியவர் பக்கத்தில் கார் வந்து நிற்கும். ஒரு பெண் இறங்கி வழி கேட்பாள், அல்லது 'எங்க அம்மா மாதிரியே இருக்கிறீங்க' என்று கண் கலங்குவாள். அன்பளிப்பு என்று தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி இவர் கழுத்தில் போட்டு அணைத்துக்கொள்வாள். கார் போன பிறகு தடவிப் பார்த்தால் கழுத்தில் இருப்பது பித்தளை. தெற்காசியப் பாட்டிமார் கழுத்தில் 22 காரட் கிடக்கும் என்பது திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த ஊர்க்காரர்கள் அணியும் 10, 14 காரட் நகைக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

வங்கிப் பெட்டகத்தில் வைத்தாலும் உள்ளே இருப்பதற்கு வங்கி பொறுப்பில்லை. வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்கிறவர்கள் அதை எடுத்துப் படித்திருக்க மாட்டார்கள். வீட்டுச் சாமான் முழுவதற்கும் லட்சக்கணக்கில் காப்பீடு இருக்கும், நகைத் திருட்டுக்கு மட்டும் சில ஆயிரம் டாலர் என்று உச்சவரம்பு சின்ன எழுத்தில் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒவ்வொரு நகையையும் மதிப்பீட்டுத் தாளோடு தனியாகப் பதிய வேண்டும். தங்கம் ஏறும் வேகத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய மதிப்பீடு பாதிக் காசுகூடத் தராது.

டொராண்டோவிலோ சிட்னியிலோ சென்னையிலோ இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து நகைக்கான வரம்பைப் பாருங்கள். ஒவ்வொரு நகையையும் ஓர் அடிக்கோலின் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள், எடையை எழுதுங்கள். யார் செய்தது, எந்தக் கல்யாணத்துக்கு, எது அடைவிலிருந்து மீண்டது, எது மீளவில்லை என்பதை அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ இந்த வாரமே கேட்டு அதே தாளில் எழுதி வையுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது எதற்காக விலை கேட்கிறீர்கள் என்பதைக் கடைக்காரர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள், தேதியோடும் கையெழுத்தோடும் எழுதி வாங்குங்கள்.